அடுத்த வீட்டுக் கடுவன்

எங்கள் பூனைக்கு ராசா என்று பெயர் வைத்தது அண்ணன். அதைவிடப் பொருத்தமில்லாத பெயரை அவன் வாழ்நாளில் யாருக்கும் வைத்ததில்லை. பல்லி கத்தினாலே ராசா முருங்கையில் ஏறிவிடும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அன்று முழுவதும் விறகுக் குவியலுக்குப் பின்னால்தான் குடியிருப்பு. ஆனாலும் எனக்கு உலகத்தில் அதைப்போல் இன்னொன்று கிடையாது. பூனை வீட்டுக்குள் படுக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் அது வீட்டைச் சுற்றியுள்ள வளவிலேயே வளர்ந்தது.

அந்த வளவுக்குத்தான் கடுவன் பூனை வந்தது. சட்டி மாதிரி முகம், கிழிந்த ஒரு காது, வீட்டு வாடகை கேட்க வருபவரின் நடை. காலையில் மீன்காரர் சைக்கிளில் பாம் பாம் என்று ஊதிக்கொண்டு வருவார். அம்மா கிணற்றடியில் மீன் வெட்டி, தலையை ராசாவுக்குப் போடுவார். அடுத்த வீட்டுக் கிடுகு வேலியில் ஓரிடம் பிய்ந்து ஒரு பொட்டு இருந்தது. கடுவன் அதற்குள்ளால் நுழையும். ஓங்கி ஓர் அறைதான். ராசா முருங்கையில், மீன்தலை கடுவனின் வாயில்.

அண்ணன் கெற்றப்போலை எடுத்து, அதன் ரப்பர் வாரில் கல்லும் வைத்துவிட்டான். அம்மா பாய்ந்து பறித்தார்.

"அடுத்த வீட்டுப் பூனைக்கு எறிஞ்சு போட்டு, நாளைக்கு அந்த மனுசியின்ர முகத்தில என்னெண்டு முழிக்கிறது?"

அந்த மனுசியை நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். முஸ்லிம் குடும்பம். மாமா கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தார். பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பீங்கான் அங்கே போகும், பெருநாளுக்கு அவர்கள் வீட்டுப் பீங்கான் இங்கே வரும். வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஆகவே மற்ற நாட்களிலும் வேலிக்கு மேலால் ஏதாவது போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கும். இதை யார் தொடங்கியது, எப்போது முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது.

பெருநாள் முடிந்த கிழமை, கடுவன் ராசாவின் பின்காலைக் கடித்துவிட்டது. ராசா நொண்டிக்கொண்டு ஓடியது. இரவு சோற்றுக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான் அழுதேன். சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அப்பாவிடம் முறையிட்டபோது, "மான் வந்து பூக்கண்டெல்லாத்தையும் தின்னுது. அதுக்கே நாங்கள் ஒண்டும் சொல்லுறேல்லையே" என்றார். எங்கள் ஊரில் மான்கள் ஆடுமாடு போலத் தெருவில் திரியும். அப்பாவின் நியாயம் அவ்வளவுதான்.

என் அழுகை தாங்காமல் மாமியிடம் சொல்லப் போன அம்மா, ஒரு பீங்கான் நிறைய இனிப்புத் தொதலோடு திரும்பி வந்தார்.

"நான் பூனைக் கதையை எடுக்க முதல் அவ தொதலை எடுத்து நீட்டிப்போட்டா. பிறகு என்னெண்டு கேக்கிறது?"

தொதல் தீர்ந்ததும் அந்தப் பீங்கானில் கதலிப்பழம் அடுக்கி என்னிடம் கொடுத்தனுப்பினார். பூனையைப் பற்றி மூச்சும் விடக் கூடாது என்று கட்டளை. மூச்சை அடக்கிக்கொண்டுதான் போனேன். ஆனால் மாமியின் குசினி வாசலில், தனக்கென்று வைத்த தகரத் தட்டில் கடுவன் சாவகாசமாக மீன் தின்றுகொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமி, உங்கட கடுவன் எங்கட ராசாவைக் கடிச்சுப் போட்டுது. ராசாவைக் காணேல்ல!"

பீங்கானை வாங்கிய மாமி அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கட கடுவனா? அது உங்கட ஊட்டுப் பூனையில்லையா, மகள்?"

"இல்லை மாமி."

"அல்லாவே! உங்கட பூனையெண்டுதானே நான் இவ்வளவு நாளும் வாய் தொறக்கல்ல. மாமாக்குப் பொரிச்ச மீனை எத்தினை தரம் தூக்கிட்டுப் போயிருக்கு! சொன்னா உங்கம்மாட மனசு நோகுமெண்டு, அதுக்குத் தனியா ஒரு துண்டு வெச்சுக் குடுக்கிறன்."

பிறகு ஏதோ பொறி தட்டியவராக என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். கட்டிலுக்குக் கீழே, மடித்துப் போட்ட சாக்கில், காலில் மஞ்சள் பூசியபடி வயிறு புடைக்கப் படுத்திருந்தது ராசா. என்னைக் கண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தது. நான் அதை அள்ளி எடுத்து மறுபடியும் அழுதேன்.

"இதுவா உங்கட பூனை? மெலிஞ்சு கிடந்திச்சே! அந்தக் கடுவன்ட கையில அடிவாங்குற நாதியில்லாத பூனையெண்டெல்லவா நெனச்சன்."

வேலியடியில் அம்மாவைக் கூப்பிட்டு மாமி எல்லாவற்றையும் சொன்னார். 'மெலிஞ்ச பூனை' என்ற இடத்தில் அம்மாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு இரண்டு பேரும் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

கடுவன் யாருடையதும் இல்லை என்றானதும் அண்ணன் மறுபடி கெற்றப்போலோடு வந்தான்.

"இவ்வளவு நாளும் விருந்தாளி மாதிரிச் சாப்பாடு போட்டிட்டு இப்ப எறியிறதோ?" என்று அம்மா மறுபடி பறித்தார்.

அதற்குப் பிறகு, மீன்காரர் ஊதியதும் மாமி கடுவனைக் கூப்பிட்டு அந்தப் பக்கம் மீன் வைப்பார். அதே நேரத்தில் அம்மா இந்தப் பக்கம் ராசாவுக்குப் போடுவார். வாயில் மீன் இருக்கும்போது சண்டியனுக்கும் சண்டை நினைவு வருவதில்லை. ராசா முருங்கையை மறந்தது. அம்மா மட்டும் அன்றிலிருந்து அதற்கு இரண்டு தலை போட்டார், அதுவும் மாமியின் கண்ணில் படும்படி வேலிக்குப் பக்கத்தில்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும் விஷயம். பெரியவர்களுக்கு இவ்வளவு மூளை குறைவா என்று எனக்கு அப்போது பெரிய அதிசயமாக இருந்தது.

இப்போது நான் மாடிக் குடியிருப்பொன்றில் வசிக்கிறேன். மேல்வீட்டு நாய் குரைத்தால் உடனே காவலாளிக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவேன். குரைப்பும் நின்றுவிடும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.