கடைசித் தண்ணீரின் திகதி

செவ்வாய், காலை 5.40

இரவு முழுக்க உலுக்கிக்கொண்டு வந்த யாழ்ப்பாண பஸ் என்னைக் கல்முனையில் இறக்கிவிட்டுப் புகை கக்கிக்கொண்டு போனது. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் பிசுபிசுப்பு மட்டும் மூக்குக் கண்ணாடியில் வந்து ஒட்டியது. பஸ் நிலையத்துக்கு எதிரே இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ, ஐம்பது ரூபாய். நாக்கு விழித்துக்கொண்டது, கால்கள் இன்னும் வவுனியாவில் தூங்கிக்கொண்டிருந்தன.

என் பையில் முப்பத்திரண்டு பக்கங்கள் இருந்தன. உலகத்தின் வேளாண் விஞ்ஞானம் எங்கே வந்து நிற்கிறது, மண் கெடாமல் இனி எப்படி விளைவிப்பது என்று பல நாட்டு அறிஞர்கள் கூடி எழுதிய மதிப்பீட்டின் சுருக்கம். தமிழில் பெயர்த்தவள் நான். அதை விவசாயிகள் முன்னால் வாசித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்பும்படி, மொழிபெயர்க்கத் தந்த கொழும்பு அலுவலகம் சொன்னது. ஒத்துக்கொண்ட நாளிலிருந்து அந்தப் பக்கங்களோடு எனக்குச் சண்டை. "எதிர்காலம்" என்ற சொல் அவற்றில் பூச்சி முட்டை போலப் பரவிக் கிடந்தது. எதிர்காலத்தை எழுதியவர்களில் ஒருவருக்கும் நாளைக் காலை சேற்றில் இறங்கும் வேலை இல்லை என்பது என் சந்தேகம்.

என்னை அழைத்துப்போக நஸார் வந்தார். நிந்தவூர்க்காரர், ஓட்டோ ஓட்டுகிறவர், நெல்லும் செய்கிறவர். அவருடைய மனைவி றிபாயா தையல் கடை வைத்திருக்கிறார். ஒரு சிநேகிதி மூலம் மூன்று நாளைக்கு அவர்கள் வீட்டில் எனக்கு இடம். எட்டுக் கிலோமீற்றர், வழக்கமான கூலி எண்ணூறு ரூபாய். என்னிடம் வாங்க மறுத்துவிட்டார். சாய்ந்தமருதில் மீன் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. காரைதீவில் கோயில் மணி. அதைத் தாண்டினால் வலப்பக்கம் வயல்வெளி, அறுத்த அடிக்கட்டையோடு செப்டெம்பர் வெயிலுக்காகக் காத்துக் கிடந்தது.

பையில் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"முழு உலகத்துக்கும் சேர்த்தா எழுதியிரிக்காங்க?"

"ஓம்."

"அப்ப எங்கட வாய்க்காலும் அதுக்க இரிக்கணுமே அக்கா."

இல்லை என்று எனக்குத் தெரியும். பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை 7.15

இடியப்பம், சொதி, பொரித்த சூடை மீன். சாப்பிட்டுக்கொண்டே அந்த வீட்டின் கவலையைத் தெரிந்துகொண்டேன்.

அவர்களுடைய இரண்டரை ஏக்கர், வாய்க்காலின் கடைசிக் கண்டத்தில், அதாவது கடைசி வயல் தொகுதியில் இருக்கிறது. மேலே எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர்தான் அங்கே வரும். அதற்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அப்பால் கடல். வாய்க்காலில் நல்ல தண்ணீர் ஓடும்வரைக்கும் உப்பு கீழே கிடக்கும். தண்ணீரை நிறுத்தியதும் மேலே ஏறும். கதிர் பால்பிடிக்கிற நேரத்தில் ஏறினால் நெல் பதராகிவிடும். கடைசி மூன்று போகமும் அப்படித்தான் ஆனது.

றிபாயா உப்பைத் தாங்கும் நான்கு மாத நெல் ஒன்றைத் தேடிப் பிடித்து, வயலின் ஒரு மூலையில் இரண்டு போகம் செய்து பார்த்து, விதை பெருக்கி வைத்திருந்தார். கடைசி நாட்களில் குடத்தால் தண்ணீர் ஊற்றி அதைக் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் அது மற்ற நெல்லைவிடப் பிந்தி விளைவது, முழு வயலிலும் செய்வதானால் வாய்க்கால் பத்து நாள் பிந்தி மூடப்பட வேண்டும். முதல் தண்ணீர் எந்தத் திகதி, கடைசித் தண்ணீர் எந்தத் திகதி என்பதைப் போகம் தொடங்குமுன் விவசாயிகள் கூடிக் கை தூக்கித் தீர்மானிக்கிறார்கள். ஆரம்பக் கூட்டம் என்பார்கள். தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். அந்தக் கூட்டம் அன்று காலை. நான் வாசிக்க வேண்டியதும் அங்கேதான்.

மேல்கண்டத்துக்காரர் பத்து நாளுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வாய்க்கால் ஓடினால் வயல் காயாது, காயாத வயலில் அறுவடை மெஷின் புதையும், தவணை தப்பினால் மெஷின்காரன் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவான். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. நஸாரே அவர்களோடுதான். கனபேர் போகிற வழியில் போனால் மெஷினாவது நேரத்துக்கு வரும் என்பது அவர் கணக்கு.

றிபாயா அபாயாவை எடுத்து மாட்டினார். கடைக்குப் போகிறார் என்று நஸார் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காலை 9.30

மதகடியில் தகரக் கொட்டில். பிளாஸ்டிக் கதிரைகளில் நூறு பேருக்குக் குறையாத ஆண்கள். பின்வரிசையில் நானும் றிபாயாவும். திரும்பிப் பார்த்த நஸார் அவரைக் கண்டு, கண்ணால் "என்ன?" என்று கேட்டார். றிபாயா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். சிறு விவசாயியின் அனுபவத்தை விஞ்ஞானம் மதிக்க வேண்டும் என்ற பகுதியை வாசித்தேன். மண்ணின் உயிரைப் பற்றி வாசித்தேன். அது அவர்கள் காதில் என்னவாக விழுந்தது என்று கூட்டத்தின் முகம் எனக்குக் காட்டியது. இரசாயன உரம் இனி இல்லை என்று அரசாங்கம் ஒரே நாளில் அறிவித்து, மஞ்சளித்த பயிரோடு இவர்களைக் கைவிட்ட அந்த வருடத்தின் காயம் இவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. மண்ணின் உயிர் என்று யார் சொன்னாலும் இவர்களுக்கு அந்த மஞ்சள்தான் கண்ணில் நிற்கும். ஹனீபா காக்கா எழுந்தார்; இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிற பொறுப்பாளர் அவர். வட்டவிதானை என்று அழைப்பார்கள்.

"தங்கச்சி, நல்ல தமிழ்தான். இதை எழுதினவங்க எங்கள மதிக்கச் சொல்றாங்க. யாருக்குச் சொல்றாங்க? எங்களுக்கா?"

சிரிப்பு எழுந்தது. அவர் கேட்டது சரி. தாளை மடித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நான் கொழும்புக்கு எழுதியே தீருவேன் என்று அப்போதே முடிவெடுத்துக்கொண்டேன்.

பிறகு உண்மையான வேலை தொடங்கியது. தலைமை தாங்கிய அதிகாரி வழக்கமான திகதியைச் சொல்லி, ஆதரவு கேட்டார். கைகள் எழுந்தன. வெயிலில் காய்ந்த, நகம் கறுத்த, நல்ல கைகள். அவற்றுக்கு நடுவே நஸாருடையதும் இருந்தது.

றிபாயா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"இஞ்சேருங்க, அந்தக் கைய இறக்குங்க. காணி என்ட பேர்ல இரிக்கி. இந்தப் போகம் நான்தான் செய்யப்போறன்."

எல்லாத் தலைகளும் நஸார் பக்கம் திரும்பின. நஸார் கையை இறக்கவில்லை, இறக்காமலும் இருக்கவில்லை. அது காது உயரத்தில் வந்து நின்றது. பிறகு தலையைச் சொறிவதுபோலப் பாவனைசெய்து மடியில் போய் விழுந்தது.

இந்தக் கரையைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வீடும் வயலும் பெண் பிள்ளைக்குப் போகும். கலியாணத்தன்று மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். இந்தக் கொட்டிலில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மனைவியின் காணிக்குத்தான் கை தூக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யாரும் இதுவரை சத்தமாகச் சொல்லாத விஷயம்.

முன்வரிசையில் ஒருவர், "நஸார், ஓட்டோவாவது உன்ட பேர்ல இரிக்காடா?" என்றார். இந்தமுறை சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். தங்கள் வீடு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அதிகாரி சட்டப்புத்தக மனிதர். ஒரு காணிக்கு ஒரு கை, உரிமையாளருடையது அல்லது செய்கை பண்ணுகிறவருடையது. இரண்டு பேர் உரிமை கோரினால் அதைத் தீர்க்காமல் எண்ண முடியாது என்றார். இவருடைய காணியை மட்டும் தீர்ப்பதா, எல்லாருடையதையுமா என்று ஹனீபா காக்கா கேட்டார், கேட்டபோதே வருந்தினார். கூட்டம் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மறுபடி கூடும் என்று ஒத்திவைக்கப்பட்டது. உரிமையாளர்கள் வரட்டும்.

பகல் 1.20

சோறும் மாட்டிறைச்சியும். நஸார் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு தொடாமல் இருந்தார்.

"இது யார்ட காணிச் சோறு? நான் தின்னலாமா?"

"தின்னுங்க. குத்தகையப் பத்தி மறுகா கதைப்பம்."

அவர் தின்றார். கோபத்தோடு தின்றார், இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றார். சபையில் மானத்தை வாங்கிவிட்டாய் என்றார் பிறகு. மூன்று போகம் பதர் தூற்றினோமே, அப்போது மானம் எங்கே இருந்தது என்று கேட்டார் றிபாயா. நான் பாத்திரம் கழுவப் போனேன். கழுவும்போது என் சொந்தக் காணி நினைவுக்கு வந்தது. எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் நிலம் என் பெயரில் இருந்தும், அதை விற்க என் கணவர் கையெழுத்து வேண்டும். முப்பத்திரண்டு பக்கத்திலும் அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. பெண்களின் பங்கேற்பு என்று மட்டும் இருந்தது, வழுவழுப்பாக.

மாலை 4.10

வந்தார்கள். தனியாகவும், மகளைப் பிடித்துக்கொண்டும், கணவனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்தும். கதிரை போதவில்லை, ஆண்கள் எழுந்து வெளியே நின்றார்கள், தங்கள் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

றிபாயா பேசினார். உப்பைப் பற்றி, பத்து நாளைப் பற்றி. மேல்கண்டத்துப் பெண்ணொருத்தி எதிர்த்துப் பேசினார், நன்றாகவே பேசினார்: மெஷின் தவறினால் அறுக்க ஆளில்லை, என் புருசன் கட்டாரில் இருக்கிறார், நீ வந்து அறுத்துத் தருவாயா?

கை எண்ணினார்கள். தகராறு வந்து மறுபடியும் எண்ணினார்கள். கொஞ்சக் கைகளால் றிபாயா தோற்றார். கடைசித் தண்ணீர் வழக்கமான திகதிக்கே.

ஹனீபா காக்கா முதல் தண்ணீரின் திகதியையும் வாசித்தார், பட்டி மாடுகளை வயல்வெளியிலிருந்து அகற்ற வேண்டிய திகதியையும் வாசித்தார். றிபாயா கையை உயர்த்தினார்.

"காக்கா, நீங்க தண்ணி துறக்கிறதுக்கு முந்தி நான் விதைச்சா, அதுக்குத் தடை இரிக்கா?"

"தண்ணியில்லாம எப்படிகா விதைக்கிற?"

"புழுதியில. பத்து நாள் பின்னால தரமாட்டீங்க. நான் முன்னால எடுக்கன்."

"மழை வரணுமே புள்ள."

"மழைக்கு ஆரம்பக் கூட்டம் இல்லயே காக்கா."

அதிகாரி தன் புத்தகத்தைப் புரட்டினார். தடை இல்லை. காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதைச் சட்டம் கேட்பதில்லை. முட்டாள்தனம் என்று சொல்ல அங்கே பலர் இருந்தார்கள். ஒரு சிக்கல் மட்டும். கடைசிக் கண்டம் முழுவதும் சேர்ந்து விதைத்தால்தான் காவல் காக்க முடியும். ஒரு காணி மட்டும் முளைத்து நின்றால், இன்னும் அகற்றாத மாடுகள் ஒரே பகலில் அதை வழித்துவிடும்.

புதன்

பகல் முழுக்கத் தையல் கடையில் இருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. கடைசிக் கண்டத்துப் பெண்கள் துணி தைக்கத் தருவதுபோல வந்தார்கள், விதையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்கள். மழை பிந்தினால்? எறும்பு தின்றால்? காய்ந்த மண்ணின் மேல் படிந்த உப்பு முளையையே கடித்தால்? ஒவ்வொரு கேள்விக்கும் றிபாயா, "நடக்கலாம்" என்றார். யாரையும் ஏமாற்றவில்லை. பதர் நிச்சயம், இது நிச்சயமில்லை, எது வேணும் என்று மட்டும் கேட்டார். சூரியன் மறையும் மக்ரிப் நேரத்துக்குள் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் சம்மதித்திருந்தார்கள்.

நஸார் அன்று ஓட்டோவிலேயே இருந்தார். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் எத்தனை தரம் போய்வந்தாரோ. றிபாயாவோடு பேசவில்லை. பேச்சை என் வழியாக அனுப்பினார்: "அவவிட்ட கேளுங்க அக்கா, ட்ரக்டருக்கு ஆள் சொல்லியாச்சா எண்டு." சொல்லியாகிவிட்டது என்று அங்கிருந்தே பதில் வந்தது.

வியாழன், காலை 6.30

பகல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பையையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன், வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர். ட்ரக்டர் முன்னால் போக, மண் எழுந்து மஞ்சள் சுவராக நின்றது. அதற்குள் பெண்கள், பனையோலைப் பெட்டியில் விதை, முகத்தில் சுற்றிய துணி. வீசிய நெல் புழுதியில் விழுந்து சத்தமில்லாமல் மறைந்தது. தண்ணீரில் விதைத்தால் ஒரு சின்னத் தெறிப்பாவது கேட்கும். இது மழைக்குக் கடனாகக் கொடுத்த மௌனம்.

எங்கள் ஊரில் அவரவர் கிணறு, அவரவர் தோட்டம். தண்ணீருக்காக நாங்கள் எவர் முன்னாலும் எழுந்து நின்றதில்லை. அது பெருமை என்று நினைத்திருந்தேன். கிணறுகள் ஒவ்வொன்றாக உவரானபோது ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் மூடினோம். தோற்பதற்குக்கூட எங்களுக்கு ஒரு கூட்டம் இருக்கவில்லை.

அப்போது ஓடைப்பக்கத்தால் மாடுகள் வந்தன, பெரிய பட்டி, புழுதியை மோந்துகொண்டு. மேய்ப்பவர் பின்னால் ஆறுதலாக வந்தார். அகற்றும் திகதிக்கு இன்னும் பதினைந்து நாள் அவர் கையில் இருந்தது. வரம்பில் ஓட்டோ வந்து நின்றது. நஸார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பூவரசம் தடியோடு, விழுந்தெழும்பி ஓடினார்.

"ஓய், திருப்பு மாட்ட. என்ட பொஞ்சாதிட காணி இது. ஒரு கால் வெச்சாலும் கதை வேற."

மேய்ப்பவர் நின்றார். விதைத்துக்கொண்டிருந்த றிபாயாவும் ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து அடுத்த பிடியை அள்ளினார். மாடுகள் திரும்பும்வரை நஸார் தடியோடு நின்றார். திரும்பிய பிறகும் நின்றார்.

பஸ்ஸுக்கு யார் கொண்டுபோய் விடுவது என்று நான் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரம்பு வழியே பெரிய வீதிக்கு நடந்தேன். கொழும்புக்கு என்ன எழுதுவது என்பது அந்த நடையில் தெளிந்தது: எதிர்காலம் என்று உங்கள் பக்கங்களில் வருகிற இடமெல்லாம், அதைத் தீர்மானிக்கத் தூக்கியது யாருடைய கை என்று கேட்டு எழுதுங்கள், எழுதாவிட்டால் இனி நான் தமிழில் போடமாட்டேன். திரும்பிப் பார்த்தேன். வானம் கழுவித் துடைத்த சட்டிபோல இருந்தது, ஒரு மேகம் இல்லை. அதன் கீழே அவர்கள் கடைசி வரம்புவரை விதைத்துக்கொண்டு போனார்கள்.