கடலைக் காட்டு நாய்

நாய் நன்றியுள்ள பிராணி என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் விஷயத்தில் நன்றி சொல்ல வேண்டியவன் நான்தான். அப்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பது வயதாகியும் அடங்கவில்லை.

அறுபதுகளின் கடைசி. கம்பைநல்லூர்ப் பக்கம் எங்கள் காடு. அடுத்த காடு, உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவுடையது. இரண்டிலும் நிலக்கடலை. காய் பிடித்துவிட்டால் நாய்கள் தோண்டித் தின்னும். அதனால் காய் பறிக்கும்வரை நாயின் முன்னங்கால் ஒன்றை மடக்கிக் கழுத்தோடு கட்டிவிடுவது ஊர் வழக்கம். மூன்று காலில் நடக்கும், தோண்ட முடியாது. நான் மட்டும் கட்டவில்லை. என் நாய் கடலையைத் தொடாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அதன் மூக்கில் மண் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டும் அப்படித்தான் சொன்னேன்.

ஒருநாள் சாயங்காலம் அது நொண்டிக்கொண்டு வந்தது. காலைக் கட்டிவிட்டது அக்கா. கேட்கப் போனேன்.

"ஒரு சால் செடியத் தோண்டிப் போட்டிருக்குது. நீ கட்டல, நான் கட்டுனேன். இதுல என்னடா தப்பு?"

"எங்கூட்டு நாயத் தொட நீ யாரு? உம் பொண்ணுக்குக் காது குத்த வேற மடி பாத்துக்க. நான் வரமாட்டேன்."

சொல்லக் கூடாத சொல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அவளோடு பிறந்தவன் நான் ஒருவன்தான். தீர்த்தமலையில் குத்துவதாக நாளும் குறித்தாகிவிட்டது, எட்டே நாள் இருந்தது. அக்கா உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்தேன். கயிறு இல்லை, பழைய சேலைக் கிழிசல். தோல் அறுபடாதபடி பதமாகச் சுற்றியிருந்தாள். அதைப் பார்த்தும் என் வீம்பு போகவில்லை.

மறுநாள் காலை என் நாய் நேரே அக்காவின் காட்டுக்கு ஓடி, அவள் காலடியில் புரண்டது. அவள் தன் களியில் ஒரு உருண்டையைப் போட்டாள். நான் கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துரோகி என்று திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது. கட்டுப்பட்டுக் கிடந்த நாய்க்கு ஒரு ராத்திரியில் மறந்துபோனது. ஒரு வலியும் படாத நான் வரப்பில் முறைத்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் நாய் வாலை நிமிர்த்த முடியுமா? காதுகுத்து அன்றைக்கும் யோசித்து யோசித்து முதல் பஸ்ஸை விட்டேன்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். வேறு யார் மடியிலாவது வைத்து முடிக்கலாம் என்று அக்காவின் மாமனார் எவ்வளவோ சொன்னாராம். என் தம்பி வருவான் என்று அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம்.

"நாயி மறுநாளே வந்துடுச்சு. உனக்கு எட்டு நாளாடா?" என்று சொல்லிக் குழந்தையை என் மடியில் வைத்தாள்.

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. ஆசாரி என் முகத்தைப் பார்த்தார்.

"குத்துனது பாப்பாவுக்குங்க. நீங்க எதுக்குங்க அழுவறீங்க?"