அந்தோனியாரோடு கோபம்

வெங்காயப் பிடியைக் கட்டி முடித்ததும் சிமியோன் அதை இரண்டு கையாலும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். வலை கட்டிப் பழகிய கை. சுன்னாகம் சந்தையில் அவருடைய முடிச்சை அவிழ்க்க முடியாமல் வியாபாரிகள் கத்தியெடுத்து அறுப்பார்கள். "இது வெங்காயமோ, சுறாவோ?" என்று கேட்டால், "ஓடாமல் கிடந்தால் சரிதானே" என்பார்.

ஐம்பத்தைந்து வயதுவரை குருநகர்க் கடலைத் தவிர வேறெதுவும் அறியாதவர். யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையில் கரையெங்கும் ஷெல் விழுந்த தொண்ணூறாம் ஆண்டு, ஒரு சாக்குப் பையோடு சுன்னாகம் பக்கம் வந்து சேர்ந்தார். மனைவி முன்பே இறந்துவிட்டார். மிஞ்சியிருந்த ஒரே உறவு தம்பி யாகோப்பு. அந்த ஆவணியில் வள்ளத்தோடு கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. தோட்டத்தில் நிற்கும்போது காற்று மாறினால் சிமியோன் மண்வெட்டியை நிறுத்தி மூக்கை உயர்த்துவார். "சோழகக் காத்து எழும்பீட்டுது. இப்ப கரையிலை நிண்டால்..." என்று தொடங்குவார். முடிக்காமல் மறுபடி கொத்துவார்.

தோட்டம் நமசிவாயத்தாருடையது. ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். சண்டையால் ரயில் நின்றதோடு அவருடைய வேலையும் நின்றது. மூன்று பட்டைத் திருநீறு, மரக்கறிச் சாப்பாடு. "உமக்குக் கடல் இல்லை, எனக்கு ரயில் இல்லை. வாரும், புல்லுப் பிடுங்குவம்" என்றுதான் சிமியோனை வேலைக்குச் சேர்த்தார்.

ஆனாலும் முதல் மாதம் சிமியோனுக்குத் தேநீர் தனியாக ஒரு தகரப் பேணியில்தான் வந்தது. தாவாரத்தில் நின்று குடித்தார். அதற்கு அவர் முகம் சுளித்ததில்லை, அதை மறந்ததுமில்லை. ஒரு பகல் குண்டு போடும் பொம்மர் வந்து சுற்றியது. இருவரும் இரண்டு மணிநேரம் பங்கர்க் குழிக்குள் முழங்கால் இடிக்க இருந்தார்கள். நமசிவாயத்தார் தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தான் குடித்துவிட்டு, மீதியை நீட்டினார். சிமியோன் தயங்கினார்.

"குடியும். செத்தால் ரெண்டுபேரும் ஒண்டாத்தானே சாவம்."

மறுநாள் தேநீர் ஒரேமாதிரியான இரண்டு கோப்பைகளில் வந்தது. அந்தப் பேணியை யாரும் தேடவில்லை.

"கடவுள் எனக்கு ஆள் அனுப்பினவர். அந்த ஆள் திருநீறு பூசிக்கொண்டு வந்ததிலை எனக்குக் கனகாலம் விளங்கேல்லை" என்று சிமியோன் பின்னாளில் சொல்வார். அப்போதோ அவர் செபத்தையே விட்டிருந்தார். கழுத்துச் செபமாலை சாக்குப் பைக்குள் கிடந்தது. பக்கத்து ஊரில் அந்தோனியார் கோயில் இருந்தும் அந்தப் பக்கம் போவதில்லை.

"காணாமல் போனதைக் கண்டு தாறவராமே உங்கடை அந்தோனியார்?" என்று நமசிவாயத்தார் கேட்டுப் பார்த்தார்.

"மோதிரம் துலைஞ்சால் குடுப்பார், மாஸ்ரர். ஆளைக் குடுக்கமாட்டார்."

யாகோப்பு போய் ஒரு வருஷமான அன்று காலை, "இண்டைக்கெண்டாலும் போய்த் தம்பிக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தும்" என்றார் நமசிவாயத்தார்.

"கொளுத்தினால் அவன் செத்திட்டான் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி" என்று சொல்லிவிட்டு சிமியோன் பாத்திக்குள் இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நமசிவாயத்தாரைக் காணவில்லை. மத்தியானம்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வியர்வையில் திருநீறு கரைந்திருந்தது. பொருளாதாரத் தடையால் குடாநாடு முழுக்க மெழுகுதிரிக்கு அலைந்த காலம் அது. வீட்டுப் பெட்டியின் அடியில் கிடந்த கடைசி ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தோனியார் கோயிலுக்குப் போயிருக்கிறார். செருப்பை எங்கே விடுவதென்று தெரியாமல் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"உங்கடை ஆக்கள் எப்பிடிக் கும்பிடுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. யாகோப்பு, சிமியோன்ரை தம்பி எண்டு பேரை மட்டும் சொன்னன்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "செத்தவனுக்கு எண்டு கொளுத்தேல்லை, கேட்டீரோ. வாறவனுக்கு வெளிச்சம் வேணும் எண்டு சொல்லித்தான் கொளுத்தினனான்."

நமசிவாயத்தாரின் பெருவிரலில் மெழுகு சொட்டி உறைந்திருந்தது. சிமியோன் பாத்தியிலிருந்து ஏறி வந்து, மண் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்து, அந்த விரலைப் பிடித்து, மெழுகை நகத்தால் மெல்ல உரித்தெடுத்தார். எறியவில்லை. சாரத்து மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.