மாநிலப் பூ

2024 அக்டோபர் 23, புதன்கிழமை, காலை ஏழு பத்து, சிறு தூறல். மரக்காணம் உப்பளங்களில் மழைநீர் நின்றது. செடி விற்பவர் பதினோரு தொட்டிகளோடு மொபெட்டை என் வாசலில் நிறுத்தினார். முன்பற்கள் இரண்டு இல்லை. எந்தத் தொட்டி மண்ணையும் நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு இல்லீங்க" என்று சான்றிதழ் தருவது அவர் வழக்கம்.

அன்று செங்காந்தள் கொடியை நீட்டினார்.

"ஏம்பா, வீட்ல நாய் இருக்குது. மண்ணத் தோண்டும். இது விஷமா?" மூன்று முறை கேட்டேன்.

"மாநிலப் பூ சார் இது. வெசத்துக்குப் போயி கவர்மென்டு அந்தப் பேரு குடுக்குமா?"

அரசை இவ்வளவு நம்பும் ஆளை எழுபத்து மூன்று வயதில் அன்றுதான் பார்த்தேன். மலைத்துப்போய் வாங்கித் தொலைத்தேன்.

ஒன்பதாம் நாள் நாய் கிழங்கைத் தோண்டித் தின்று பதினாறு முறை வாந்தி எடுத்தது. ஆட்டோவில் கொண்டுபோனேன்; திண்டிவனம் கால்நடை மருத்துவமனையில் மூன்று நாள் சலைன் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

அடுத்த வாரம் செடிக்காரர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். வருத்தத்தோடு குனிந்து, அந்தத் தொட்டி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார்.

"உப்பு இல்லீங்களே சார்."

அந்த முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொடி, ஆட்டோ, வைத்தியம் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய்.