கல்வராயன் மலை வேகம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, திருக்கோவிலூரிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் ஓர் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கடை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருப்பதால் இப்படி எதையாவது கொண்டுவந்து கொடுப்பது கண்டக்டர்களுக்குப் பழக்கம்தான். "வாத்தியார் குடுத்தனுப்பினாருங்க பாய். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடியே பத்திரமா வெச்சிக்கினு வந்தேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். பைக்குள் ஒரு போர்வை, போர்வைக்குள் ஒரு டேப் ரிக்கார்டர். அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி, கரும்பலகையில் எழுதிப் பழகிய குண்டுக் கையெழுத்தில், "பெல்ட் மட்டும் மாற்றவும். வேகத்தில் கை வைக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது.

பின்மூடியைக் கழற்றினேன். மோட்டாரின் முதுகில் அந்தச் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. வேறொன்றுமில்லை, பெண்கள் நகத்துக்குப் போடும் பூச்சுதான். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அங்கே கடுகளவு ஒரு ஸ்க்ரூ உண்டு. வேகத்தைச் சரிசெய்த பிறகு அது நகராமலிருக்க ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடுவோம். என் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு அந்தப் பொட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதைத் தொடாதே என்று பிளாஸ்திரி ஒட்டி அனுப்புகிற மனிதரை நினைத்தபோது, கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

அந்தத் தப்பு நடந்தது, கேசட் போய் சிடி வந்துகொண்டிருந்த காலத்தில். என் அத்தா டார்ச்சும் குடையும் விற்ற கடையில் நான் ரேடியோ, டேப் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். பெங்களூரில் வேலை பார்த்த என் சாச்சா மகன் ஒரு தடவை ஓர் அட்டைப்பெட்டி நிறைய கேசட் கொண்டுவந்து, வீட்டில் திட்டுகிறார்கள் என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போனான். அத்தனையும் ஹெவி மெட்டல். அதிலும் எந்தக் கடையிலும் விற்காத வகை. எங்கெங்கோ இருக்கும் பையன்கள் வீட்டுப் பின்கட்டிலும் கார் ஷெட்டிலும் வாசித்துப் பதிந்து, அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, தபாலிலேயே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் பாட்டு. ஆல்பம் போட ஒரு கம்பெனி கிடைப்பதற்கு முன்னால் மாதிரிக்காகப் பதிவதை டெமோ என்பார்கள். பெட்டியில் பாதிக்குமேல் டெமோதான். நான் முதல் கேசட்டைப் போட்டபோது பக்கத்துப் பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா பாய், மிக்சிக்குள்ள கரண்டிய வுட்டுட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கென்னவோ பிடித்துப்போயிற்று. இன்னும் காரணம் சொல்லத் தெரியவில்லை.

வாத்தியார் வந்தது அப்படி ஒரு கேசட் ஓடிக்கொண்டிருந்தபோதுதான். தியாகதுருகத்துக்காரர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர். சனிக்கிழமை மதியம் மலையிலிருந்து இறங்கி, எங்கள் ஊரில் பஸ் மாறி வீட்டுக்குப் போவார். என் வயதுதான் இருக்கும். பேட்டரி வாங்க வந்தவர் கேசட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நின்றபடியே கேட்டார். தியாகதுருகம் பஸ் அவர் முதுகுக்குப் பின்னால் கிளம்பிப் போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னொரு பக்கம் இருக்குதுங்களா?" என்றார். அந்தக் கேள்விக்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பெட்டி பாகம் பாகமாக மலையேறியது. ஒரு டெமோவை ஏழு தடவை கேட்காமல் கருத்துச் சொல்லமாட்டார். கேட்டபின் நாற்பது பக்க நோட்டில் எழுதுவார். எழுதி முடித்த கேசட்டை மறுபடி போடமாட்டார், எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் இருந்த குடியிருப்பில் அப்போது கரண்ட் கிடையாது, பேட்டரிதான் எல்லாம். அதனால் அவர் மார்க்கும் பேட்டரியில்தான் இருக்கும். வாரமெல்லாம் பிள்ளைகளுக்கு மார்க் போட்டுச் சலித்துவிட்டதாம். மெஷினுக்கு ஆறு பேட்டரி என்பதால் ஆறுதான் உச்சம். ஒரு டெமோவுக்கு, "பாடுகிறவர் யாரையோ பயமுறுத்தப் பார்க்கிறார், ஆனால் அவருக்கே பயமாக இருக்கிறது. இரண்டு பேட்டரி" என்று எழுதியிருந்தார். இன்னொன்றுக்கு, "கிடார் வாசிப்பவர் நல்ல இடம் வந்ததும் அங்கே நிற்காமல் ஓடிவிடுகிறார். மூன்று. நின்றிருந்தால் ஐந்து." குழுக்களின் பெயரை மட்டும் எங்களால் படிக்க முடியாது. அட்டையில் எழுத்தெல்லாம் பிடுங்கிப்போட்ட வேர் மாதிரி இருக்கும். நாங்களே வேர்க்காரர்கள், முள்ளுக்காரர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

எனக்குச் சுத்தமாகப் பதிந்த ஆல்பம்தான் பிடிக்கும். மெக்கானிக் புத்தி, இரைச்சல் கேட்டால் கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். அவருக்கு டெமோதான் உயிர். "ஆல்பம்னா கல்யாண போட்டோ பாய். டெமோன்னா ஓட்டர் ஐடி போட்டோ. ஆளு நெஜமா எப்டி இருக்கான்னு இதுல தான தெரியும்?" என்பார். சனிக்கிழமைதோறும் இந்தச் சண்டை நடக்கும். அதிலிருந்துதான் பத்திரிகை யோசனை வந்தது. பத்திரிகை என்றால் நான்கு பக்க ஜெராக்ஸ். கேசட்டுகளோடு வந்த துண்டுச் சீட்டுகளில் இருந்த முகவரிகளுக்கெல்லாம் அனுப்பினோம். இடப் பக்கம் தமிழ், வலப் பக்கம் அவரே எழுதிய ஆங்கிலம். முகவரி என் கடை. ஆச்சரியம், கேசட்டுகள் வர ஆரம்பித்தன. வந்ததைப் பிரிக்காமல் முதலில் மலைக்கு அனுப்பிவிடுவேன், அவர் கேட்டபின் எனக்கு. அதுதான் எங்கள் ஏற்பாடு.

இடையில் அவருடைய மெஷினின் மோட்டார் எரிந்துபோனது. வேறு மோட்டார் போட்டேன். புது மோட்டாருக்கு வேகம் வைக்க, நமக்கு மனப்பாடமான ஒரு பாட்டு வேண்டும். எல்லா மெக்கானிக்கும் அதற்கென்று ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டை மேஜையில் வைத்திருப்பான், நானும் வைத்திருந்தேன். அன்றைக்கு என்ன திமிரோ, வாத்தியார் மெஷினில் சினிமாப் பாட்டா என்று தோன்றி, காலைத் தபாலில் வந்திருந்த ஒரு டெமோவைப் பிரித்துப் போட்டு வேகம் வைத்தேன். அதற்கு முன் நான் கேட்டே இராத கேசட். ஸ்க்ரூவைத் திருப்பி வேகத்தை இறக்க இறக்கப் பாட்டுக்குக் கனம் கூடியது. இதுதான் சரி என்று நானே முடிவுசெய்து, பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் நகப்பூச்சு வாங்கி ஒரு சொட்டு வைத்தேன். சமையலுக்கு உப்புப் பார்க்காதவன்கூட இப்படிச் செய்யமாட்டான்.

அதன்பிறகு இரண்டு வருஷம் எங்கள் சண்டை முற்றியது. "நிதானமான இசை" என்று அவர் எழுதிய கேசட்டை நான் கடை மெஷினில் போட்டால் தலைதெறிக்க ஓடும். இந்த மனிதர் காதில் என்னதான் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சொல்லியும் பார்த்தேன். "உங்களுக்குப் பொறுமை கம்மி பாய்" என்றார். அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது மேகாலயாவிலிருந்து ஒரு டெமோ வந்தது. நான்கு பாட்டு. அதற்கு அவர் எழுதியதை இன்றைக்கும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும்: "இவர்களுக்கு அவசரமே இல்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் மேட்டில் ஏறுவதுபோல ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கிறார்கள். முதல் பாட்டு இரண்டரை நிமிஷம்தான், முடிந்ததும் வாசலில் போய்ச் சற்று நிற்கத் தோன்றுகிறது. தயவுசெய்து யார் சொல்லியும் வேகத்தைக் கூட்டாதீர்கள். ஆறு பேட்டரி." ஆறு அவர் போட்டது அந்த ஒரு தடவைதான். திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதும் அந்தக் கேசட் ஒன்றுதான். இதழை மேகாலயாவுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பையன்கள் என்ன பதில் எழுதப்போகிறார்கள் என்று பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி காத்திருந்தார். "யார் சொன்னதையும் கேக்காம, என் காத நம்பி எழுதினது இதான் பாய்" என்றார்.

பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். அதற்குக் கீழே, "எங்கள் ஊரிலேயே வேகமாக வாசிப்பவர்கள் நாங்கள்தான். அதற்காகவே திட்டு வாங்குகிறோம். முதல் பாட்டு சரியாக இரண்டு நிமிஷம். நீங்கள் கேட்டது எங்கள் கேசட்தானா?" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு நிமிஷப் பாட்டு இரண்டரை நிமிஷம் ஓடினால் என்ன அர்த்தம் என்று ஒரு மெக்கானிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சிவப்புப் பொட்டு கண்முன் வந்தது. கடிதத்தை மடித்து ஈயப்பற்றுப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அந்தச் சனிக்கிழமை அவர் வந்து, "லெட்டர் வந்துச்சுங்களா பாய்?" என்றார். "வரல சார்" என்றேன். அடுத்த சனிக்கிழமையும் கேட்டார். அடுத்ததும். இப்படி ஆறு சனிக்கிழமை அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். ஆறாவது தடவை அவர், "நான் எழுதுனது அவங்களுக்குப் புடிக்கல போல. வுடுங்க, இனிமே எழுத வேணாம்" என்று நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் அவர் வீட்டுக்குப் போகாமல், விடைத்தாள் திருத்த வேண்டுமென்று மலைக்கே திரும்பியிருந்தார். நான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நோட்டையும் கடிதத்தையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு மலை பஸ் ஏறினேன். கச்சிராயப்பாளையம் தாண்டி, வளைவுகள் ஏறி, வெள்ளிமலைக்கு அப்பால் போய் இறங்கினேன். அவர் அறை வாசலில் தீர்ந்துபோன பேட்டரிகளை வரிசையாக வெயிலில் காயவைத்திருந்தார். காய்ந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும் என்று எல்லாரும் செய்வதுதான். கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். பிறகு வெயிலில் கிடந்த பேட்டரிகளைப் பார்த்தார்.

"பேட்டரிதான் பாய். கஞ்சத்தனமா இத காய வெச்சிக் காய வெச்சி ஓட்டிக்கினு இருந்தேன் இல்ல? வேகம் கொறைஞ்சிருக்கும். என் தப்பு" என்றார்.

அந்த இடத்தில் நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அவரே கதவைத் திறந்துவிட்டு நிற்கிறார். ஆட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதை மறைப்பானேன்?

"பேட்டரி இல்ல சார். நான்தான்" என்றேன். மோட்டார் மாற்றியது, பிரிக்காத கேசட்டைப் பிரித்தது, ஸ்க்ரூவை இறக்கியது எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா சார்."

"இந்த லெட்டர் எப்ப வந்துச்சு?"

அதைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் பஸ்ஸில் வேண்டிக்கொண்டு வந்தேன். "ஆறு வாரம் ஆச்சுங்க" என்றேன். "மெஷின் தப்பாப் போனா போவுது பாய். நான் வாராவாரம் கேட்டுக்கினே இருந்தேனே. வரலைன்னீங்களே" என்றார். குரல் உயரவில்லை. அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். உள்ளே போனார். கிளம்பச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, "ஸ்க்ரூ டிரைவர் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார்.

புதுப் பேட்டரி போட்டு, பொட்டைச் சுரண்டி, கைக்கடிகாரத்தை வைத்து முதல் பாட்டைச் சரியாக இரண்டு நிமிஷத்துக்குக் கொண்டுவந்தேன். பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. வாத்தியார் கண்ணை மூடி மூன்று தடவை கேட்டார். "நல்லாத்தான் வாசிக்கிறானுங்க. டிரம் அடிக்கிறவனுக்கு நாலு கை இருக்கும் போல. நாலு பேட்டரி குடுக்கலாம்" என்றார். பிறகு, "பழைய எடத்துலயே வெச்சிடுங்க பாய்" என்றார்.

"அது தப்பான வேகம் சார்."

"தெரியுதுங்க. ஆனா எனக்குப் புடிச்சது அது தான?"

வைப்பது லேசாக இல்லை. சரியான வேகத்தைக் கடிகாரம் காட்டிவிடும். பழைய தப்பை அவர் காது மட்டும்தான் காட்ட முடியும். இரண்டரை நிமிஷத்துக்குக் கொண்டுவந்தாலும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னும் ஒரு மயிரிழை. ஜாஸ்தியாயிடுச்சு. ஆங், அங்கதான், அங்கதான்!" என்று அவர் கையைத் தூக்கியபோது மலையில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. நகப்பூச்சு கொண்டுபோக மறந்துவிட்டேன். அடுத்த வாரம் மெஷினைக் கடைக்கு எடுத்துவந்து பொட்டு வைத்துக்கொண்டார். நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில், "இதிலுள்ள கருத்துகள் கல்வராயன் மலை வேகத்தில் கேட்டு எழுதியவை" என்று எழுதினார். அடுத்த இதழின் முதல் வரியும் அதுதான். அதற்குக் கீழே, தப்பு யாருடையது என்று நான் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து மேகாலயாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. கடிதம் இல்லை, ஒரு கேசட் மட்டும். ஒரு பக்கத்தில் "எங்கள் வேகம்", மறுபக்கத்தில் "உங்கள் மலை வேகம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தப் பையன்கள் அதே நான்கு பாட்டை மெதுவாக வாசித்து மறுபடி பதிந்திருந்தார்கள். வாத்தியார் ஆசையாக அதை மலைக்குக் கொண்டுபோய்த் தன் மெஷினில் போட்டிருக்கிறார். மெதுவான பாட்டு மெதுவான மெஷினில் நகரவே இல்லை. சனிக்கிழமை வந்து, "இது ரொம்ப ஜாஸ்திங்க பாய்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு என் கடை மெஷினில் போட்டோம். அவர் மலையில் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எல்லார் காதிலும் கேட்டது. பழக்கடைக்காரர்கூட, "இது பரவாயில்ல பாய்" என்றார். தியாகதுருகம் பஸ் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அவர் ஓய்வுபெற்று, திருக்கோவிலூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அந்தப் பையன்கள் ஆல்பம் போட்டார்களா என்று எங்களுக்குத் தெரியாது. போனில் எந்த நாட்டு டெமோவும் கிடைக்கிற காலத்தில் அவர் எனக்கு வாரம் ஒன்று அனுப்புகிறார், கூடவே பேட்டரிக் கணக்கும். போன் சார்ஜில் ஓடுகிறது என்று யார் சொன்னாலும் அவர் மார்க் பேட்டரிதான்.

பெல்ட்டை மாற்றினேன். மேகாலயாப் பையன்களின் அந்த முதல் டெமோ கேசட் மெஷினுக்குள்ளேயே இருந்தது. ஓடவிட்டு, அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன். முதல் பாட்டு முடியும்வரை அப்படியே பிடித்திருந்தேன்.

"வேகத்துல கை வெச்சீங்களா பாய்?" என்றார்.

"வெக்கல சார்."

"சரிங்க" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொட்டு ஓரத்தில் லேசாக வெடித்திருந்தது. எதிர்க்கடைப் பெண்ணிடம் நகப்பூச்சு வாங்கிவந்து, அதன்மேலேயே இன்னொரு சொட்டு வைத்துக் காயவிட்டு, மூடியை மூடினேன்.