தண்ணீர் நிற்கிற நாள்

பிரகதீஸ்வரி மறதிக்காரி என்று நன்னிலம் பக்கத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. மாமனார் பஞ்சநதத்துக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னே, எது பின்னே என்று அவளுக்குத் தெரியும். வயலில் எந்த மூலை பள்ளம், எந்த வரப்பில் நண்டு வளை போடும் என்று தெரியும். பக்கத்து வீட்டு ஜன்னத் பீவி எந்தக் கல்யாணத்துக்கு என்ன நிறச் சேலை கட்டிப்போனாள் என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவாள். போன வருடம் அறுவடை மெஷினுக்குச் சொல்லிவைக்க மறந்துவிட்டாள். அது ஒன்றுதான்.

அது ஒன்றே போதுமானதாக இருந்தது. பொங்கல் முடிந்ததும் ஊரில் எல்லார் வயலிலும் மெஷின் இறங்கியது. அவள் வயலில் இறங்கவில்லை. ஏஜெண்டுக்குப் போன் போட்டால், "நீங்க சொல்லவே இல்லையேக்கா" என்றான். மெஷின் வருவதற்குள் மழை வந்துவிட்டது. விளைந்த கதிர் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே முளைத்தது.

அவள் கணவன் இளஞ்செழியன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவன். அவன் கத்தவில்லை. கத்துகிற மனிதன் என்றால் திருப்பிக் கத்தலாம். இவன் நிதானமாகச் சொன்னான்.

"இன்னொரு சம்பா பாப்போம் பிரகதி. திரும்பவும் இந்த மாதிரி எதையாச்சும் விட்டுட்டா, துரைக்கண்ணு அண்ணன்கிட்ட குத்தகைக்கு விட்டுடலாம். நீயும் நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

வயல் போவதைவிட அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது. வீட்டுக்குள் அவள் மருமகள். சாம்பாரில் உப்பு கூடினால் குற்றம், குறைந்தாலும் குற்றம். வரப்பில் கால் வைத்துவிட்டால் நடவாள் பத்துப் பேரும் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள். எங்கே நாற்று போடுவது, எப்போது களை எடுப்பது, எல்லாம் அவள் சொல்தான். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டிருக்க அவளால் ஆகாது.

துரைக்கண்ணு என்பவர் இளஞ்செழியனின் பெரியப்பா மகன். அவர் வயல் இவர்கள் வயலை ஒட்டியே கிடக்கிறது. குத்தகை கேட்டு அவர் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, "முடியலன்னா சொல்லும்மா" என்பார். அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவர் தினமும் போவார்.

அதனால் பிரகதீஸ்வரி ஒரு முடிவு செய்தாள். வாரம் ஒருமுறை உட்கார்ந்து, வீடு, வயல், மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது. ஊர்ச் சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஷீபா தடுப்பூசிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், சுவரில் ஒட்டியிருக்கும் தாளை மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுக்கொண்டே போவாள். எத்தனையோ தடவை போட்ட ஊசிதான், ஆனாலும் தொடாமல் திறக்கமாட்டாள். அதைப் பார்த்து வந்த யோசனை இது.

பழைய காலண்டர் அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு, நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, வாசல் தெளிப்பது, மோட்டார் ரூமைப் பூட்டுவது என்று அட்டை நிறைந்துவிட்டது. இன்னொரு அட்டையை எடுத்தாள். ஜன்னத் பீவி இரண்டையும் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசி வரைக்கும் படித்தாள்.

"மூச்சு விடணும்னு எழுதலியே புள்ள?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா."

"கிண்டல் இல்ல. வாசல் தெளிக்க மறந்தா ஊரே சொல்லும். மாடு கத்தும். கத்தாத சாமான் எதுன்னு பாத்து எழுது."

அது பிரகதீஸ்வரிக்குப் பிடித்தது. பிடித்தது என்று அவள் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், கத்துகிறதையெல்லாம் அடித்துவிட்டுக் கத்தாததை மட்டும் புது அட்டையில் எழுதினாள். அதையும் கட்டளையாக எழுதாமல் கேள்வியாக எழுதினாள். கட்டளை போட்டால் அவளுக்குக் கோபம் வரும், தானே போட்டுக்கொண்டாலும் வரும்.

கைப்பையைக் கவிழ்த்தால் என்ன விழுகிறது? போனில் யாருக்குத் திரும்பப் பேசவில்லை? மாமாவின் மாத்திரை அட்டையில் எத்தனை குழி காலி? சிலிண்டரைத் தூக்கினால் கனக்கிறதா? யாரிடமாவது வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருக்கிறேனா? மெஷினுக்குச் சொல்லியாயிற்றா? வடிகால் குழாயின் வாய் திறந்திருக்கிறதா?

அட்டை ஆயிற்று. எந்தக் கிழமை உட்காருவது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் விருந்தாளி வந்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை வீடு கழுவவே பொழுது போய்விடுகிறது. மற்ற கிழமைகளில் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் வயலை விட்டு நகர முடியாது. அந்த வருடம் அணையில் தண்ணீர் குறைவு என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒரு முறை இவர்கள் வாய்க்காலுக்கு, அடுத்த முறை வேறு வாய்க்காலுக்கு. தண்ணீர் ஓடுகிற நாளில் ஊரே மண்வெட்டியோடு வரப்பில் நிற்கும். முறை முடிந்து, வாய்க்கால் பார்க்கிற லஸ்கர் வந்து ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார் என்றால், ஊரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடும். யாரும் யாரையும் தேடமாட்டார்கள்.

"தண்ணி நிக்கிற அன்னைக்குத்தான் என் வாரம் முடியுது. அன்னைக்கு உக்காருறேன்" என்றாள்.

"காலண்டர்லயே வாரம் போட்டுருக்கேம்மா" என்றார் பஞ்சநதம்.

"அது காலண்டருக்கு மாமா."

சொன்னபடியே நடந்தது. ஷட்டர் இறங்கியதும் கை கால் கழுவி, அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பையைக் கவிழ்ப்பாள், சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பாள், கடைசியாக வடிகால் குழாய்வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவாள். போன கார்த்திகையில் வாங்கிய ரவிக்கைத் துணி பையின் அடியிலிருந்து வெளிவந்தது. மாத்திரை தீர்வதற்கு முன்பே புது மாத்திரை வந்தது. நாற்று நட்டு, களை எடுத்து, மேலுரம் போட்டது வரைக்கும் ஒன்றும் விட்டுப்போகவில்லை. துரைக்கண்ணு வண்டியை நிறுத்தி, "முடியலன்னா..." என்று ஆரம்பித்தால், "முடியுது அத்தான்" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

மழை வந்ததும் முறையை எடுத்துவிட்டார்கள். லஸ்கர் ஷட்டரை இறக்கினாலும் வாய்க்கால் நிற்கவில்லை. மழைத் தண்ணீரே கரை தொட்டு ஓடியது. பிரகதீஸ்வரி காலையில் எழுந்து வாய்க்காலைப் பார்ப்பாள். ஓடுகிறது. சரி, இன்னும் நாள் வரவில்லை என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். ஊருக்கெல்லாம் தீபாவளி வந்து போனது, கார்த்திகையும் பிறந்தது. அவளுக்கு மட்டும் அந்த ஒரு வாரம் முடியவில்லை. முன்பெல்லாம் இதையெல்லாம் மனதில் போட்டு உருட்டிக்கொண்டாவது இருப்பாள். இப்போது அட்டை இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று மனதை லேசாக வைத்துக்கொண்டாள். அட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் பஞ்சநதம் மாத்திரையைப் பாக்குவெட்டியில் வைத்து நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"தீரப்போவுது. அதான் பாதி பாதியா போட்டுக்குறேன்."

"சொல்றதுக்கென்ன?"

"நீ கேக்குற நாள் வரலியேம்மா. வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

பிரகதீஸ்வரி அட்டையைப் பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தவள், கடைசி வரியில் நின்றாள். குடையை எடுக்கக்கூட இல்லை. மண்வெட்டியும் அரிவாளுமாக ஓடினாள்.

வயல் குளமாகக் கிடந்தது. பயிரின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. வடிகால் தண்ணீர் சாலைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் குழாயின் வாயில் ஆகாயத்தாமரை வந்து அப்பி, ஒரு ஆள் ஏறி நிற்கலாம் போல இருந்தது. அவளுக்கு முன்பே துரைக்கண்ணு அங்கே வந்திருந்தார். வரப்பில் நின்று போனில் படம் எடுத்து முடித்திருந்தார்.

"பாத்தியாம்மா. நான் அன்னைக்கே சொன்னேன்."

அவள் குழாய் வாயில் இறங்கினாள். இடுப்புவரை தண்ணீர். ஜன்னத் பீவி எங்கிருந்தோ சேதி கேட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பிரகதீஸ்வரி உள்ளேயிருந்து அறுத்துத் தள்ள, பீவி கரையில் நின்று இழுத்துப் போட்டாள். துரைக்கண்ணு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மழை வலுக்கிறது என்று வீட்டுக்குப் போனார்.

"பாம்பு கெடக்கப்போவுது புள்ள, பாத்து."

"கெடந்தா நகந்துக்கும்க்கா. அதுக்கும் தண்ணி வடியணும்ல."

குழாய் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் சத்தம் போட்டுத் திறந்துகொண்டது.

இளஞ்செழியனின் போன் அன்று சாயங்காலமே வந்தது. வீடியோவில் முகம் தெரிந்தது. கோபம் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணன் போட்டோ அனுப்பிருக்காரு. பாத்தேன்."

"ம்."

"என்ன ஆச்சு?"

மழை மேல் பழி போடலாம். ஆகாயத்தாமரை மேல் போடலாம். அவள் போடவில்லை.

"வாரம் முடியலிங்க."

"என்ன முடியல?"

"வாரம். தண்ணி நின்னாத்தான் என் வாரம் முடியும்னு வச்சிருந்தேன். நிக்கவே இல்ல. அதனால கொழாயப் போய்ப் பாக்கல. அது என் தப்புதான்."

  அவன் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தான்.

"நம்ம பயிருக்குப் பின்னால நீலக் கலர்ல ஒரு மோட்டார் கொட்டகை தெரியுதே, அது யாரோடது?"

"அத்தானோடது."

"அதைச் சுத்தியும் தண்ணியாத்தான கெடக்கு?"

"ஆமா. ரெண்டு பேருக்கும் கொழாய் ஒண்ணுதானே."

"அப்ப அவரு கொழாயத் தொறக்காம போட்டோவா எடுத்துக்கிட்டு இருந்தாரு?"

"ஒரு கையில கொட இருந்துச்சுங்க. இன்னொரு கையில போனு."

இளஞ்செழியன் சிரித்தானா இருமினானா என்று வீடியோவில் சரியாகத் தெரியவில்லை. "சரி, அறுப்பு வரைக்கும் நீயே பாரு. குத்தகைப் பேச்ச அப்பறம் பாத்துக்கலாம். ஆனா வாரத்த ஞாயித்துக்கெழம முடி" என்றான்.

"ஞாயித்துக்கெழம முடியாது" என்றாள். நிலம் கையில் நின்றதோ இல்லையோ என்று இருக்கும் நேரத்தில்கூட அவளால் அதற்கு ஆமாம் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்து, செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை சந்தை. மழை பெய்தாலும் அணை திறந்தாலும் சந்தை கூடாமல் இருந்ததில்லை.

பயிர் நாலைந்து நாள் மஞ்சளாக நின்று, பிறகு தேறிக்கொண்டது. பள்ள மூலை மட்டும் அழுகிப்போனது. நல்ல பயிரின் தூரிலிருந்து பிரித்து அங்கே நட்டாள். மார்கழி பிறந்ததிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் மெஷின் ஏஜெண்டுக்குப் போன் போனது.

"அக்கா, போன வாரமே சொல்லிட்டீங்களே."

"இந்த வாரம் சொல்லலியே தம்பி."

அந்த வருடம் ஊரில் முதல் மெஷின் அவள் வயலில் இறங்கும் என்று ஏஜெண்டே வந்து சொல்லிவிட்டுப் போனான். அவள் போனுக்குப் பயந்துதான் அப்படி என்று ஜன்னத் பீவி சொன்னாள்.

கதிர் பழுக்கிற நேரத்தில் துரைக்கண்ணு வண்டியை நிறுத்தினார். இந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கியே வந்தார்.

"ஏம்மா பிரகதி, இளஞ்செழியன்கிட்ட கேட்டேன். குத்தகை விஷயம் உன்னையே கேட்டுக்கச் சொல்லிட்டான்."

"அப்புடியா அத்தான்."

"உனக்கும் செரமம் கொறையும். யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்கிறேன் அத்தான். செவ்வாக்கெழம உக்காருவேன்."

அவர் எதிரிலேயே யோசித்து முடித்துவிட்டால் மரியாதையாக இருக்காது. வீட்டுக்குப் போய், அட்டையில் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கேள்வி எழுதிக்கொண்டாள். முதல் கேள்வி இது. துரைக்கண்ணு அத்தானுக்கு வயலைக் கொடுக்கலாமா?

செவ்வாய்க்கிழமை சந்தையிலிருந்து வந்து, கால் கழுவி, உட்கார்ந்தாள். பையைக் கவிழ்த்தாள். சிலிண்டரைத் தூக்கினாள். வடிகாலைப் பார்த்துவிட்டு வந்து, அந்த வரியில் விரலை வைத்தாள். எல்லா வரிக்கும் எவ்வளவு நேரம் வைப்பாளோ அவ்வளவு நேரம்தான் வைத்தாள். வேண்டாம் என்று முடிந்தது. விரல் அடுத்த வரிக்குப் போனது. கதிர் நிற்கும்போதே ஊடே தெளிக்க உளுந்து விதை எடுத்தாயிற்றா?

எடுக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.