குண்டுவிமானத்தின் வயிற்றில் என் மகள்

நேற்று என் மகளைக் குண்டுவிமானத்துக்குள் ஏற்றிவிட்டு, கீழே நின்று புகை போட்டுவிட்டேன்.

(திட்டத் தோன்றினால் திட்டுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்கள்.)

கள்ளக்குறிச்சியில் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறேன். பஸ், லாரி, டிராக்டர் எது நசுங்கினாலும் தட்டி நிமிர்த்துவேன். படிப்பு பத்தாவது. அதுவும் இரண்டாவது முயற்சியில்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு காலேஜ். அதன் வாசலில் இறக்கையில் நாலு காலி இன்ஜின் கூடுகளோடு ஒரு பழைய விமானம் காட்சிக்கு நிற்கிறது. மழை ஒழுகுகிறது, தகரம் அடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் என் மகள் சுகன்யா, "எங்கப்பா செய்வாரு சார்" என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள். உலகப் போருக்காகச் செய்ததாம். வெள்ளைக்காரர்கள் போகும்போது நாம் ஓட்டிவிடக் கூடாது என்று உடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் மெக்கானிக்குகள் அந்தக் குப்பையைப் பொறுக்கி, ஒட்டுப் போட்டு, பல வருடம் கடலுக்கு மேல் காவலுக்கு ஓட்டினார்களாம். அப்புறம் ஏலம். இப்போது செல்ஃபி.

படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நம்ம தொழில்காரன் எவனோ இதைப் பறக்கவே விட்டிருக்கிறான்.

எங்கள் பட்டறையில் எந்த வண்டியானாலும் பூஜை போடாமல் சுத்தியல் படாது. விமானத்துக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். கற்பூரம் ஏற்றினேன். தேங்காய்த்தொட்டித் தணலில் கை நிறைய சாம்பிராணி போட்டேன்.

"ப்பா, நீ முடிச்சிக்கினு இரு. நான் மேல போயி ஓட்டைய எல்லாம் போட்டோ எடுத்துக்கினு வந்துடறேன்."

மேலே போக ஒரே வழிதான். விமானத்தின் வயிற்றில் குண்டு அடுக்குகிற அறை திறந்தபடி கிடக்கும். அதற்குள் ஏறி, முன்பக்கம் நடந்தால் பைலட் உட்காரும் இடம். அவள் ஏறும்போது அந்த அறையின் பின்மூலையில் கறுப்பாக ஏதோ தொங்கியதை நானும் பார்த்தேன். கிழிந்த தார்ப்பாய் என்று நினைத்தேன்.

மலைக்காற்று அடித்தது. புகை நேராக அதற்குள் போனது.

உர்ர்ர் என்று ஒரு சத்தம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன். (அதில் இன்ஜினே கிடையாது.)

தார்ப்பாய் அசைந்தது. அப்புறம் அது கலைந்து பறக்க ஆரம்பித்தது. மலைத்தேனீ.

நான் அவளிடம் உள்ளே ஓடப் பார்த்தேன். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தார்கள். காலேஜில் தோட்ட வேலை பார்க்கும் அலமேலு அக்கா. மலை மேலே கரியாலூர் பக்கத்து ஆள்.

"ஓடாதய்யா. கைய ஆட்டாத. மொதல்ல அந்தப் புகைய மண்ணப் போட்டு மூடு."

"உள்ள எம் பொண்ணு இருக்குதுக்கா."

"தெரியுது. நீ போயி ஆட்டுனின்னா கோவம் பூரா அதும்மேலதான் எறங்கும்."

மண்ணை அள்ளிப் போட்டேன். போன் அடித்தது.

"ப்பா." கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "பைலட் சீட்டுகிட்ட இருக்கேன். நடுவுல உள்ள கதவச் சாத்திட்டேன். ஒரு கை அகலம் மூட மாட்டேங்குது."

அக்கா போனை வாங்கிக்கொண்டார். "துப்பட்டாவ அந்தச் சந்துல திணி கண்ணு. தட்டாத, கத்தாத. கொட்டுனாலும் அசையாம இரு."

"ரெண்டு கொட்டிடுச்சுக்கா."



சுற்றி வந்து பார்த்தேன். விமானத்தின் மூக்குக்கு அடியில் முன்சக்கரம் மடங்குகிற குழியில், மேலே ஒரு தகரம். பிற்காலத்தில் யாரோ அடித்து மூடியது. அதை எடுத்தால் பைலட் இடத்துக்குக் கீழே ஒரு ஆள் ஊர்ந்து வரலாம்.

உளியை எடுத்தேன். அக்கா என் கையையே பார்த்தார். "அடிச்சின்னா அந்தச் சத்தத்துக்கே எல்லாம் இங்க வந்துடும்."

இருபத்தைந்து வருடமாக அடித்தே பிழைத்தவன் நான். உளியைக் கீழே வைத்தேன். கையால் சுற்றுகிற பழைய டிரில் ஒன்று பையில் இருந்தது. ஈரச் சாக்கை அக்கா என் தலையில் போர்த்திவிட்டார். குழிக்குள் மல்லாந்து படுத்தேன்.

தகரத்தைப் பிடித்திருந்தது பதினோரு ரிவிட். ஒவ்வொன்றின் தலையையும் துளைத்து எடுக்க வேண்டும்.

முதல் ரிவிட்டிலேயே டிரில் பிட் வழுக்கியது. நெஞ்சில் வைத்திருந்த போனில் அவள் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

"ப்பா, எதுனா பேசுப்பா."

"பேசுனா கை ஆடுது பாப்பா. நீ பேசு."



"இங்க செவுத்துல ஒரு ஒட்டு இருக்குதுப்பா. ரிவிட் எல்லாம் ஒரே கோணல். நம்ம ஆளுங்க போட்டதுதான் போல. அப்படியே உன் வேல மாதிரியே இருக்குது."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஏழாவது ரிவிட்.

ஒன்பதாவதில் இரண்டு தேனீ சாக்குக்குள் வந்துவிட்டன. காதில் ஒன்று, கண்ணிமையில் ஒன்று. நான் அசையவில்லை. (ஊசிக்கே மயங்கி விழுகிற ஆள் நான்.)

பதினொன்றாவது விழுந்தது. தகரத்தைச் சத்தமில்லாமல் கையில் ஏந்தினேன். முதலில் ஒரு செருப்பு வந்தது. பிறகு ஒரு கால். அதைப் பிடித்துக்கொண்டேன். பிறந்தபோதுகூட அவளை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை.

மூன்று பேரும் சாக்குக்குள் ஒண்டியபடி, மெதுவாக, நடந்தே வெளியே வந்தோம். அவளுக்கு நாலு கொட்டு, எனக்கு ஒன்பது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயங்காலம் வரை பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அலமேலு அக்காவுக்கு நாங்கள் மூன்று பேரும் (என் மனைவியும் சேர்த்து) கும்பிட்டு நன்றி சொன்னோம்.

இன்று காலை காலேஜிலிருந்து போன். கூட்டைக் கலைக்க ஆள் வருகிறார்களாம். "கீழ ஒரு தகரத்தப் பிரிச்சிட்டீங்களே, அந்த ஓட்டைய எப்ப அடைப்பீங்க?"

"அடைக்க மாட்டேன் சார். கதவு போட்டுத் தரேன்."

கீல் வாங்கிவிட்டேன். உள்ளே மாட்டியவர் இருட்டிலும் ஒரே கையால், சத்தமில்லாமல் திறக்கிற மாதிரி எந்தத் தாழ்ப்பாள் நல்லது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.